தானாக நிற்கும் பை

ஜனவரி 8, திங்கள்

இன்றுதான் இந்தப் பை என் தலையில் விழுந்தது. நெதர்லாந்து பையரிடமிருந்து, அதாவது எங்கள் பைகளை வாங்குகிற அம்மாளிடமிருந்து, வந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, "மேடம், மாசக் கடைசிக்குள்ள காட்டணும். சாம்பிள் தைக்க டைம் இல்ல. நீங்க த்ரீடி-ல பண்ணிக் குடுத்துடுங்க" என்றான் கோகுல்நாத். இரண்டு தோசை ஊற்றித் தரச் சொல்வதுபோலச் சொன்னான். அவன் இங்கே மெர்ச்சண்டைசர். அங்கிருந்து வரும் திட்டை இங்கேயும் இங்கிருந்து போகும் சால்ஜாப்பை அங்கேயும் சேர்ப்பதுதான் அவன் உத்தியோகம்.

தோல் பை. தோளில் மாட்டுவது. தோல் மெத்தென்று இருக்க வேண்டும். எடை நானூற்றைம்பது கிராமைத் தாண்டக்கூடாது. கீழே வைத்தால் சாயாமல் தானாக நிற்க வேண்டும். மெத்தென்ற தோல் எப்படி ஐயா தானாக நிற்கும் என்று கேட்கக்கூடாது. கேட்டால் எனக்கு வேலை தெரியாது என்று ஆகிவிடும்.

இத்தனைக்கும் என்னிடம் இருக்கிற மென்பொருள் பைக்கானதே இல்லை. சட்டை, சுடிதார் வடிவமைக்கிறவர்களுக்கானது. போன வருடம் முதலாளி முஷ்தாக் சார் என் பெயரில் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "துணியும் தைக்கிறதுதான், தோலும் தைக்கிறதுதான், என்ன மேடம் பெரிய வித்தியாசம்?" என்றார். பிறந்ததிலிருந்து தோல் வாசனையில் வளர்ந்த மனிதர் அப்படிச் சொன்னால் நான் என்ன சொல்ல? தலையாட்டினேன்.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. பிளம்பர் இதோ வருகிறார் என்று வீட்டு ஓனர் மூன்று நாளாகச் சொல்கிறார். இரண்டு குடம் தூக்கி ஏறியதில் இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜனவரி 10, புதன்

காலையிலிருந்து பாகங்களை வரைந்தேன். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுப் பட்டிகள், அடிப்பாகம், தோள்வார், உள்துணி. திரையின் ஒரு பாதியில் இவற்றைத் தட்டையாக வரைந்து, எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேரும் என்று காட்ட வேண்டும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் மறுபாதியில் எல்லாம் தாமாகத் தைத்துக்கொண்டு, எடை வந்து, தொங்கும். முதல்தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். நானும் பார்த்தவள்தான்.

அந்த மறுபாதியில் ஒரு பொம்மைப் பெண் நிற்பாள். பையை மாட்ட ஒரு தோள் வேண்டுமே. ஐந்தடி பத்து அங்குலம். பசி கிடையாது, இடுப்பு வலி கிடையாது, வீட்டு ஓனர் கிடையாது. நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பற்றிக்கொண்டு வரும்.

தோலின் தடிமன், எடை, வளையும் தன்மை எல்லாம் கொடுத்து அழுத்தினேன். பை அவள் தோளில் ஈரத் துண்டு மாதிரி தொங்கியது. தரையில் வைத்தேன். உட்கார்ந்தது, குனிந்தது, படுத்துவிட்டது. அளவை மாற்றி மாற்றி ஆறு முறை பார்த்தேன். ஆறு முறையும் படுத்தது.

ஜனவரி 12, வெள்ளி

மதியம் பிலோமினா அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு மேலே வந்தார். கீழே சாம்பிள் ரூம் அவருடையது. பத்தொன்பது வருடமாக எந்த ஆர்டராக இருந்தாலும் முதல் பை அவர் கையால்தான் வரும். இந்தக் கம்பெனியில் என்னைச் சாரு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஜீவன். என் சமையல் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பதால் கருவாட்டுக் குழம்பு எனக்கும் சேர்த்தே வரும்.

திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா சாரு, பை படுத்துக்கிச்சு?" என்றார்.

"நிக்க மாட்டேங்குதுக்கா."

"எப்டி நிக்கும்? அடியில அட்ட இல்ல, பக்கத்துல ஃபோம் இல்ல. எலும்பு இல்லாத ஆளு நிப்பானா?"

"அட்டை வெச்சா எடை ஏறிடும். ஐந்நூத்துக்கு மேல போயிடும்க்கா."

"அப்ப எட கூடும்னு அந்த ஊரு அம்மாகிட்ட சொல்லு. இல்ல, பை படுக்கும்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணச் சொல்லித்தான ஆவணும்?"

பார்க்கிறேன் என்றேன். அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பையருக்கு மெயில் போடுவது அவரா, நானா? 'முடியாது' என்று எழுதிய மறுநாள் அந்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு என் லைசென்ஸை எதற்குப் புதுப்பிப்பார்கள்? லைசென்ஸ் இல்லாவிட்டால் நான் எதற்கு?

ஜனவரி 18, வியாழன்

பொங்கலுக்குப் பெருந்துறையில் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தேன். அண்ணி இலையில் பொங்கலை வைத்துக்கொண்டே, "இந்த வேலையாச்சும் நெலைக்குமா கண்ணு?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவள் எதையும் சிரித்துக்கொண்டுதான் கேட்பாள்.

இதற்கு முன் திருப்பூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் இருந்தபோது காலர் அளவில் ஒரு தவறு செய்து, அதை நானே போய் ஒப்புக்கொண்டு, அன்று மாலையே வெளியே அனுப்பப்பட்டவள் நான். பிறகு எட்டு மாதம் அண்ணன் வீட்டில் இருந்தேன். எட்டு மாதமும் நானாகக் காபி கேட்டுக் குடித்ததில்லை. கொடுத்தால் குடித்தேன். இனி ஒருமுறை அங்கே பெட்டியோடு போய் இறங்க, இந்த வயதில், முப்பத்தொன்பதில், என்னால் முடியாது. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இன்று பை நின்றது. மென்பொருளில் பிரஷர் என்று ஒரு எண் உண்டு. தலையணை, குளிர்கால ஜாக்கெட் போன்றவற்றுக்காக வைத்திருக்கிறார்கள். உள்ளே பஞ்சு இருப்பதுபோல உப்ப வைக்கும். அதைப் பையின் உள்துணிக்குக் கொஞ்சமாகக் கொடுத்தேன். படத்துக்காக மட்டும். பை எழுந்து, தோளை நிமிர்த்தி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. எடை நானூற்று முப்பத்தெட்டு கிராம் என்று காட்டியது. உள்ளே காற்றுதானே, அதற்கு எடை ஏது.

எல்லோரும் செய்வதுதான் இது. படம் எடுத்த பிறகு எண்ணைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும், அவ்வளவே.

ஜனவரி 19, வெள்ளி

அனுப்பிவிட்டேன். ஏழு படம், ஒரு வீடியோ. பிளம்பர் வந்தார்.

ஜனவரி 24, புதன்

ஒப்புதல் வந்துவிட்டது. வழக்கமாகப் படத்தைப் பார்த்த பிறகு, தைத்த சாம்பிளைக் கூரியரில் கேட்பார்கள். இந்தமுறை கேட்கவில்லை. படமே போதும், நேரே உற்பத்திக்குப் போங்கள் என்று எழுதியிருக்கிறாள் அந்தப் பையர் அம்மாள். இரண்டாயிரத்து நானூறு பை.

முஷ்தாக் சார் என்னை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, "சாம்பிள் போயி வர்ற ஆறு வாரம் மிச்சம்! பாத்துக்குங்க, இனிமே இதுதான்" என்றார். டிசைன் ஹெட் பதவி காலியாக இருப்பதை அவராகவே ஞாபகப்படுத்தினார். கோகுல்நாத் முதல்முறையாக எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

படிக்கட்டில் பிலோமினா அக்கா நிறுத்தி, "நல்லா வந்திச்சாமே? அட்ட வெச்சிட்டியா?" என்று கேட்டார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அவசரத்தில் இருந்தேன்.

உற்பத்திக் குறிப்பில் அட்டையைச் சேர்க்கவில்லை. பையர் ஒப்புக்கொண்டது படத்தை. படத்தில் அட்டை கிடையாது. ஒப்புக்கொண்ட ஒன்றை மாற்ற எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

பிப்ரவரி 6, செவ்வாய்

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் உற்பத்தி லைனுக்குப் போகுமுன் சாம்பிள் பையின் பிடியில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டிச் சீல் வைப்பார்கள். அட்டையின் பின்பக்கம் சாம்பிள் தைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். 'நான் தைத்துப் பார்த்தேன், சரியாக வரும்' என்று அதற்கு அர்த்தம். அந்தக் கையெழுத்தைக் கண்ணால் பார்க்காமல் கட்டிங்கில் ஒரு துண்டுத் தோலை வெட்ட மாட்டார்கள். இந்தமுறை பையே இல்லை, அட்டையை எதில் கட்டுவது? இரண்டு நாளாகக் கட்டிங் நின்றுவிட்டது.

"ஒரு கையெழுத்துதான மேடம், நீங்க கேட்டா அந்தம்மா போடும்" என்றான் கோகுல்நாத். மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டு நானே சாம்பிள் ரூமுக்குப் போனேன்.

பிலோமினா அக்கா மெஷினை நிறுத்தினார். "பை எங்க?"

"கம்ப்யூட்டர்ல இருக்குக்கா. சும்மா ஃபைலுக்குத்தான்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தைக்காம இதுவரிக்கும் போட்டதில்ல. நீ சொல்றியேன்னு போடுறேன்" என்றார். கிறுக்கல் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல, கி. பிலோமினா என்று முழுசாக எழுதினார்.

வரும் வழியில் அரைக்கீரை வாங்கினேன். ஆய்ந்து முடிப்பதற்குள் பாதி குப்பைக்குப் போயிற்று.

மார்ச் 5, செவ்வாய்

பிலோமினா அக்கா நேற்றிலிருந்து லீவு. திண்டிவனத்தில் மகளுக்குப் பிரசவம், ஒன்றரை மாதம் ஆகுமாம். மதியம் தனியாகச் சாப்பிட்டேன். ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் கீழே லைனிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். முதல் நூறு பை முடிந்துவிட்டது, வைத்தால் சாய்கிறது என்றார். அனுப்பும்போது எப்படியும் உள்ளே பேப்பர் அடைக்கத்தானே போகிறீர்கள், அடைத்துப் பாருங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். "இப்ப நிக்குது மேடம்." நின்றால் சரி.

பிறகு தரம் பார்க்கிறவர்களும் பேப்பர் அடைத்த பையைத்தான் பார்த்தார்கள். கச்சிதமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் படித்தவர்கள், அவர்கள் வேலை அது.

மார்ச் 21, வியாழன்

கண்டெய்னர் கிளம்பியது. பூசணிக்காய் உடைத்தார்கள். எனக்கும் ஒரு லட்டு.

ஏப்ரல் 22, திங்கள்

காலை மெயிலைத் திறந்தால் பையர் அம்மாளின் புகார்.

ஆறு புகைப்படம். ஏதோ ஒரு கடையின் கண்ணாடி அலமாரி. அதில் வரிசையாக என் பைகள், சாராயக்கடை வாசலில் கிடக்கிறவர்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒரு வீடியோவும் இருந்தது. கடைப் பெண் ஒருத்தி புதுப் பையிலிருந்து பேப்பரை உருவுகிறாள். பை மெதுவாகக் குனிந்து உட்கார்ந்து படுக்கிறது. அவள் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

கூடவே ஒரு படிவம். மூன்று கட்டங்கள். காரணம் என்ன? பொறுப்பு யார்? என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர்கள் அத்தனையும் ரத்து. இரண்டாவது கட்டத்தில் துறையின் பெயர் செல்லாது, ஆளின் பெயர் வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்கள்.

ஃபைலைத் திறந்து அந்த பிரஷர் எண்ணைப் பூஜ்யமாக்கிச் சேமித்தேன். ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டிய வேலை, மறந்துபோயிருந்தது.

ஏப்ரல் 24, புதன்

பதினொரு மணிக்கு முஷ்தாக் சார் அறையில் கூப்பிட்டார்கள். அவர், கோகுல்நாத், நான், பிலோமினா அக்கா. அக்கா போன வாரம்தான் லீவு முடிந்து வந்திருந்தார். பேத்தி பிறந்ததற்குக் கொண்டுவந்த சர்க்கரை மிட்டாய் இன்னும் என் டிராயரில் கிடக்கிறது. மேஜைமேல் மஞ்சள் அட்டையைத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா சார்."

"தைச்சுப் பாத்துட்டுப் போட்டீங்களா?"

அக்கா திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். எதையாவது காட்டச் சொன்னால் காட்டுவதற்காக. திரையில் அந்தப் பொம்மை நின்றது. அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து என் முகத்தின்மேல் அக்காவின் பார்வை இருந்தது எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் இருந்தது.

"உங்களத்தாம்மா கேக்குறேன். தைச்சுப் பாத்தீங்களா?"

"கையெழுத்து என்னுதுதான் சார்" என்றார் அக்கா.

கோகுல்நாத் எதையோ குறித்துக்கொண்டான். போகலாம் என்றார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 25, வியாழன்

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

ஏப்ரல் 26, வெள்ளி

படிவம் போய்விட்டது. நகல் எனக்கும் வந்தது. காரணம்: சாம்பிள் நிலையில் கவனக்குறைவு. பொறுப்பு: கி. பிலோமினா. நடவடிக்கை: பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

அவர் தன் கத்தரிகளையும் சுத்தியலையும் ஒயர்கூடையில் போட்டுக்கொண்டு நாலு மணிக்குப் போனதாகச் சொன்னார்கள். என் டிபன் டப்பா ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கழுவித் துடைத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேலே வந்தபோது நான் பாத்ரூமில் இருந்தேன்.

படிக்கட்டில் அவர் குரல் கேட்ட பிறகுதான் பாத்ரூமுக்குப் போனேன்.

மே 6, திங்கள்

டிசைன் ஹெட் ஆக்கிவிட்டார்கள். புது அடையாள அட்டை, தனிக் கேபின், மைசூர்பாகு. அண்ணியிடம் போனில் சொன்னேன். "நெலைச்சிருச்சு பாத்தியா கண்ணு!" என்று சந்தோஷப்பட்டாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அவளை வெறுக்கக்கூட எனக்குச் சௌகரியமாக இல்லை.

அதே பையைத் திருத்திச் செய்யச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. அடியில் அட்டை, பக்கத்தில் ஃபோம், எடை ஐந்நூற்று முப்பது வரை போகலாமாம். எடை அவ்வளவு முக்கியமில்லை, முன்பே ஏன் யாரும் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள் பையர் அம்மாள். அந்த ஒரு வரியை நாலைந்து தடவை படித்தேன். பிறகு கேபின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தனிக் கேபினில் அந்த ஒரு வசதி இருக்கிறது.

மே 19, ஞாயிறு

நாகல்கேணிக்குப் போய்ப் பிலோமினா அக்காவைப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசை. உண்மையில், அட்டை வைத்த பையின் அடிமூலை சுருக்கம் விழுகிறது, சாம்பிள் ரூமுக்கு வந்திருக்கும் புது ஆளுக்கு அதை எப்படி மடிப்பது என்று பிடிபடவில்லை. அதைக் கேட்கத்தான் போனேன். கையில் ஒரு டஜன் வாழைப்பழம்.

"வா சாரு, உக்காரு" என்றார். மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். புடவைத் தூளியில் குழந்தை தூங்கியது. அக்கா இப்போது தெருமுனையில் ஒரு கடையில் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் மாற்றுகிறார். வேறு எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாராம். இந்த ஏரியாவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தைக்காமலேயே சீல் அட்டையில் கையெழுத்துப் போட்டவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் எல்லா வாசலிலும் உட்கார்ந்திருக்கிறது.

மூலைச் சுருக்கத்தைச் சொன்னேன். முகம் சுளிக்காமல் ஒரு பழைய பேப்பரை எடுத்து, எங்கே தோலை மெலிசாக்க வேண்டும், எத்தனை வெட்டுக் கொடுத்து மடிக்க வேண்டும் என்று மடித்துக் காட்டினார். புரிந்ததா என்று இரண்டு முறை கேட்டார். புரிந்தது. எழுந்தேன். போகாமல் நின்றுகொண்டு, எனக்கு என்ன கேடு பிடித்ததோ, கேட்டேன்:

"அன்னிக்கு சார்கிட்ட நீங்களாவது சொல்லியிருக்கலாமேக்கா. நான் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்கன்னு."

"நீ பக்கத்துலதான உக்காந்துகினு இருந்த" என்றார்.

அவர் மடித்துக் காட்டிய பேப்பரை என் கைப்பையில் வைத்தேன்.

"நீ சொல்லுவன்னு இருந்தேன். நான் சொன்னா உன்ன மாட்டிவுட்ட மாதிரி ஆயிடும். உன் வாயால வந்தா அது வேற. அதான் உன்னியே பாத்துகினு இருந்தேன்." தூளியை ஒருமுறை ஆட்டிவிட்டார். "அட்ட வெச்சிட்டேன்னு சொன்னியே சாரு, படிக்கட்டுல. அத நம்பித்தான கையெழுத்தே போட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டில் ஜனவரி இருபத்துநாலைப் புரட்டிப் பார்த்தேன். 'ஏதோ சொன்னேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிக்கப்போகாத நோட்டில்கூடப் பூசி மெழுகியிருக்கிறேன். நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "வெச்சிட்டேன்க்கா" என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். பிரஷர் எண்ணை ஏப்ரலில் மாற்றியதும் மறந்துபோன வேலையை முடிக்க இல்லை. யாராவது திறந்து பார்த்துவிடுவார்கள் என்று பயந்துதான் மாற்றினேன்.

மே 20, திங்கள்

முஷ்தாக் சாருக்கு மெயில் எழுதினேன். மூன்று வரி. அனுப்பவில்லை. சிலிண்டர் வந்தது.

மே 22, புதன்

சொல்லிவிட்டேன்.

மெயில் எழுதினால் அழித்துவிடுவேன் என்று தெரிந்ததால் காலையில் நேராக அவர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே காற்றை வைத்துப் பையை நிற்க வைத்தது, அட்டை வேண்டும் என்று அக்கா சொல்லியும் வைக்காதது, வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னது, கையெழுத்து வாங்கியது, பிறகு எண்ணை மாற்றியது. பெருந்துறை பஸ்ஸில் பெட்டியோடு ஏறுவதுவரை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

முஷ்தாக் சார் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். "தெரியும் மேடம்."

"என்ன சார்?"

"அந்த ஆர்டர் தோல் சாம்பிள் ரூமுக்கு ஒரு துண்டுகூடப் போகல. ஸ்டோர் புக்க அன்னிக்கே பாத்துட்டேன். தோலே வாங்காம அந்தம்மா எத தைச்சிருக்கும்?"

"அப்புறம் ஏன் சார் அவங்களை..."

"பையர் ஒரு பேர் கேட்டாங்க. உங்க பேர எழுதுனா, நாம காட்டுற த்ரீடி படமே பொய்னு ஆயிடும். அடுத்த சீசன் பதினொரு பை அதுலதான் காட்டப்போறோம். தையல்ல தப்புன்னா அவங்க ஒத்துக்குவாங்க, எல்லா ஊர்லயும் நடக்குறது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு கோகுல்நாத் முன்னாடி, அந்தம்மா முன்னாடி நீங்க வாயத் தொறந்திருந்தா எனக்கும் வேற வழி இருந்திருக்காது. அந்தம்மாவ அனுப்பியிருக்க முடியாது. நல்ல வேள, நீங்க பேசல. படிவம் போயி மூடியாச்சு. மனசுல வெச்சுக்காதீங்க, போய் வேலயப் பாருங்க."

வெளியே வந்தேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் வந்தது. வேலை போகவில்லை. யாருடைய வீட்டிலும் போய் இறங்க வேண்டாம். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டேன், பல நாளுக்குப் பிறகு ருசி தெரிந்தது. அன்று அந்த அறையில் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும் என்பது சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் முழுசாக உறைத்தது. பெரிதாக ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. 'அக்கா தைக்கல சார், நான்தான் கையெழுத்து கேட்டேன்.' அவ்வளவுதான்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். நல்ல சேதி சொல்வதுபோல என் குரல் இருந்தது. அதை என்னால் மாற்ற முடியவில்லை.

"அக்கா, சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணு விடாம."

குழந்தையை யாரிடமோ கொடுப்பது கேட்டது. "நெசமாவா? அப்ப நாளைக்கு நான் வரவா?"

"இல்லக்கா. படிவம் போயிடுச்சாம். இனிமே மாத்த முடியாதாம்."

"ஓ. உன் வேலைக்கு இன்னா ஆச்சு?" என்றார். பதறித்தான் கேட்டார்.

"அது இருக்குக்கா."

"அந்தப் பெரிய போஸ்ட்டு?"

"அதுவும் இருக்கு."

தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துப் போனது மட்டும் கேட்டது.

"அப்ப நீ இன்னாதான் சொன்ன சாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார். நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தார், அன்றைக்கு அந்த அறையில் காத்திருந்தது போலவே.

போனை வைத்தது நான்தான்.